வந்தது, விற்றது, இறந்தது: செல்லப்பிராணிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

செல்லப்பிராணிக் கடை நடத்தும் அன்பர்களுக்கு,

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கடையை இழுத்து மூடுங்கள் என்று சொல்வதற்காகவும் எழுதவில்லை. கொளத்தூரில் வண்ண மீன் விற்கிறவர், பிராட்வேயில் ஞாயிறு காலை கூண்டுகளைப் பரப்புகிறவர், சிறு நகரத்துப் பேருந்து நிலையத்துக்கு எதிரே எட்டுக்குப் பத்து அறையில் முயலும் லவ் பேர்ட்ஸும் வைத்திருக்கிறவர், குளிரூட்டிய கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஹாம்ஸ்டரைக் காட்சிக்கு வைத்திருக்கிறவர் என உங்கள் எல்லோரிடமும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. போன மாதம் உங்கள் கடையில் எத்தனை உயிர்கள் இறந்தன? எத்தனை விற்றீர்கள் என்று கேட்டால் பில் புத்தகத்தைப் புரட்டிச் சொல்லிவிடுவீர்கள். தீவனம் எத்தனை மூட்டை வாங்கினீர்கள், மின்கட்டணம் எவ்வளவு கட்டினீர்கள் என்பதற்கும் பதில் இருக்கும். இறந்தது எத்தனை என்றால் மட்டும் "ஒண்ணு ரெண்டு போகும்" என்பதுதான் அநேகமாகப் பதிலாக வரும். அந்த "ஒண்ணு ரெண்டு" எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது என்பதுதான் என் குறை. இந்த மடல் முழுக்க அந்த ஒரு குறையைப் பற்றித்தான்.

நாய்க்குட்டியை இந்தப் பேச்சிலிருந்து விலக்கி வைக்கிறேன். அதற்கு அதன் விலையே பாதிக் காவல். பல ஆயிரம் ரூபாய் போட்டு எடுத்து வந்த குட்டி ஒரு வேளை சாப்பிடாவிட்டால் நீங்களே பதறிப்போய் மருத்துவருக்குப் போன் போடுவீர்கள். ஜோடி சில நூறு ரூபாய்க்குப் போகும் லவ் பேர்ட்ஸுக்கும், வெள்ளெலிக்கும், கினிப் பன்றிக்கும், சில்லறைக் காசுக்கு விற்கும் மீன்குஞ்சுக்கும் அந்தக் காவல் கிடையாது. விலை இறங்க இறங்கக் கவனிப்பும் இறங்குகிறது. உடம்பின் தேவையோ விலைச்சீட்டைப் பார்த்து இறங்குவதில்லை. சொல்லப்போனால் அது ஏறுகிறது. பறவை, எலி போன்றவற்றின் உடம்பு சிறிதாக இருப்பதால் சூடு வேகமாக வெளியேறும். அதை ஈடுகட்ட அடிக்கடி தின்ன வேண்டும். சேர்த்து வைத்த கொழுப்பும் சொற்பம். வளர்ந்த நாய் ஒரு நாள் பட்டினியைத் தாங்கிக்கொள்ளும். கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு பறவைக்கு அதே ஒரு நாள் உயிர்ப் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை, பொங்கலுக்கு மூன்று நாள் ஷட்டர் இறங்கியிருக்கும் என்பதெல்லாம் வெறும் பொருள் விற்கிற கடைக்குச் சரி. உங்கள் கடையில் அந்த மூன்று நாளும் உள்ளே பசி இருக்கிறது, தாகம் இருக்கிறது, மின்சாரம் போனால் காற்றில்லாத தொட்டி இருக்கிறது. ஆக, மிகக் குறைந்த விலைக்கு விற்பதுதான் மிக அதிகக் கவனத்தைக் கேட்கிறது. உங்கள் தொழிலின் சிக்கலே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இதற்கு உங்களிடமிருந்து வரும் முதல் பதிலை ஊகிக்க முடிகிறது: "கண்ணால் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம், எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, நன்றாகச் சாப்பிடுகின்றன." நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சின்ன உயிர்கள் விஷயத்தில் கண் நம்பத்தக்க சாட்சி இல்லை. முயலும் கினிப் பன்றியும் எலியும் சிறு பறவைகளும் காட்டில் மற்றவற்றுக்கு இரையாகும் இனங்கள். கூட்டத்தில் எது சோர்ந்து நிற்கிறதோ அதன் மீதுதான் பருந்தின் கண் விழும். அதனால் நோயை மறைப்பது அவற்றின் பிறவிக்குணம். லவ் பேர்ட்ஸ் என்று நாம் விற்கும் ஆஸ்திரேலியச் சிறு கிளி இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் வந்து உட்கார்ந்தது என்றால் நோய் அன்று தொடங்கவில்லை, மறைக்கும் தெம்பு அன்று தீர்ந்துபோயிற்று என்று பொருள். முயலுக்கு வயிறு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள், ஒரு நாள் அது தின்னாமல் இருந்தால் குடல் நின்றுபோகும். அது மருத்துவ அவசரம். இருபது முயல்கள் ஒரே தட்டில் வாய்வைக்கும் கூண்டில் எது தின்னவில்லை என்பது யார் கண்ணில் படும்? தட்டு காலியாகிறது, அவ்வளவுதான் தெரியும். காலையில் ஒன்று விறைத்துக் கிடக்கும்போது "ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லப்படுவது மனமறிந்த பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பார்த்தவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். பார்வையால் பிடிக்க முடியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் பயனில்லை. அதை எண்ணிக்கையில்தான் பிடிக்க முடியும்.

எண்ணிப் பார்த்தால் என்ன பிடிபடும் என்பதற்குக் கினிப் பன்றியே போதும். நம்மைப் போலவே அதன் உடம்புக்கும் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளத் தெரியாது. முயலுக்குத் தெரியும். இரண்டையும் அக்கம்பக்கத்தில் வைத்து ஒரே மூட்டை முயல் தீவனத்தை இரண்டுக்கும் போட்டால் முயல் தப்பிக்கும். கினிப் பன்றி சில வாரங்களில் மூட்டு வீங்கி, ஈறு பழுது பட்டு, நகர மனமில்லாமல் ஒடுங்கிவிடும். அதற்குத் தேவையான மருந்து நம் ஊர்ச் சந்தையில் கொத்துமல்லித் தழையாகவும் குடைமிளகாயாகவும் குவிந்து கிடக்கிறது. அதோடு பல் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் அது. தேய்க்க எந்நேரமும் புல் வேண்டும். தவிடும் கேரட்டும் அதைச் செய்யாது. இதேபோல், தங்க நிறத்தில் இருக்கும் சிரிய ஹாம்ஸ்டர் வளர்ந்தபின் தனித்து வாழும் உயிர். "ஜோடியாக வாங்குங்கள், பாவம், தனியாக இருக்கும்" என்று அதை விற்பது, ஒன்றையொன்று கடித்துக் குதறுவதற்கு வழிசெய்து கொடுப்பது. லவ் பேர்ட்ஸும் கினிப் பன்றியும் நேர்மாறானவை, கூட்டமாக வாழ்பவை. சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் இவற்றைத் தனியாக வளர்ப்பதையே அனுமதிக்கவில்லை. ஆண், பெண் பிரிக்காத கூண்டிலிருந்து விற்கப்படும் கினிப் பன்றிக் குட்டி பிறந்து ஒன்றிரண்டு மாதத்திலேயே சினையாகியிருக்கக் கூடும். வாங்கிப்போன வீட்டில் அது ஈனும்போது தாயும் பிழைக்காமல் போகலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. தெரிந்திருந்தால் போதும். தெரியாமல் போவதால் விழும் சாவுகள் எங்கும் பதிவாவதில்லை என்பதால், தெரியவில்லை என்பதே தெரியாமல் வருடங்கள் ஓடுகின்றன.

வெயிலையும் சொல்ல வேண்டும். முயலுக்கும் கினிப் பன்றிக்கும் வியர்த்துத் தணியும் வசதி கிடையாது. முயல் தன் காதுகளின் வழியாகத்தான் பெரும்பாலான சூட்டை வெளியேற்றுகிறது. முப்பது டிகிரியைத் தொட்டாலே இரண்டுக்கும் திணறல் தொடங்கிவிடும். கத்திரியில் சென்னையும் வேலூரும் நாற்பதைத் தாண்டுகின்றன. பகலில் மின்விசிறியும் ஈரச்சாக்கும் இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு விசிறியை நிறுத்தி, தகர ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போனபின் உள்ளே என்ன சூடு என்பதை எந்தக் கடையில் அளந்திருக்கிறார்கள்? சுவரில் மாட்டும் ஒரு வெப்பமானியின் விலை ஒரு ஜோடிப் பறவையின் விலைகூட இருக்காது. ஆனால், மே மாதத்தில் சாவு கூடுகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருப்பவருக்குத்தான் அதை வாங்கத் தோன்றும்.

மீனுக்கு வருவோம், ஏனென்றால் எண்ணிக்கையில் மிக அதிகமாக இறப்பது அதுதான் என்பதில் உங்களுக்கே ஐயம் இருக்காது. ஒரு குடும்பம் வருகிறது. கண்ணாடிக் கிண்ணம், கூழாங்கல், இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு டப்பா தீவனம் எல்லாவற்றையும் ஒரே பில்லில் வாங்கிப் போகிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா அதற்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகம் கெடுக்காத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஒரு தொட்டியில் குடியேற ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இன்று வாங்கிய கிண்ணத்தில், இன்று பிடித்த குழாய்த் தண்ணீரில், இன்றே மீனை விட்டால் அது தன் கழிவிலேயே மெல்ல வேகிறது. இது உங்களில் அனுபவசாலிகள் எல்லோருக்கும் தெரியும். ஒழுங்காக வைத்தால் பத்து ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய மீன் ஒரு வாரத்தில் மிதக்கிறது, பிள்ளை அழுகிறது, அப்பா அடுத்த ஞாயிறு வந்து இன்னும் இரண்டு வாங்கிப் போகிறார். உங்கள் கணக்கில் இது இரண்டு விற்பனை. ஃபைட்டர் மீனைக் கைப்பிடி அளவுக் கோப்பையில் அடுக்கி வைப்பதும் இதே கணக்குதான். மேலே வந்து காற்றை நேராக உறிஞ்சும் உறுப்பு அதற்கு இருப்பதால் அங்கே சாகாமல் இருக்கிறது. சாகாமல் இருப்பதை வாழ்வது என்று எண்ணிவிட்டோம். மேனி கண்ணாடியாக இருக்கும் சிறு மீனுக்குள் ஊசியால் சாயம் ஏற்றி விற்பதையும், நிறம் மங்குவதற்குள் அவற்றில் பல இறந்துபோவதையும் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

"உயிர் செத்தால் எங்களுக்கும்தானே நட்டம்? நட்டப்பட யாருக்கு ஆசை? ஆகவே எங்களைவிட யார் நன்றாகக் கவனிப்பார்கள்?" என்பது உங்கள் தரப்பின் வலுவான வாதம். இதை நேர்மையாகவே எதிர்கொள்ள வேண்டும். விலை உயர்ந்த உயிருக்கு இந்த வாதம் பொருந்தும். விலை குறைந்ததற்குப் பொருந்தாது, காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மருத்துவரிடம் ஒரு முறை காட்டும் செலவு ஒரு வெள்ளெலியின் விலையைத் தாண்டிவிடும் என்றால், நட்டத்துக்கு அஞ்சும் வியாபாரி வெள்ளெலியை மருத்துவரிடம் கொண்டுபோக மாட்டார், விட்டுவிடுவார். அதுதான் கணக்குப்படி சரி. பத்து வாங்கினால் இரண்டு போகும் என்று முன்கூட்டியே எட்டின் மேல் விலையை ஏற்றி வைத்துவிட்டால் அந்த இரண்டும் நட்டமே இல்லை. கண்ணாடிக் கடையில் உடையும் கிளாஸ் போல, காய்கறிக் கடையில் அழுகும் தக்காளி போல, சேதாரம். இதில் கொடூர மனம் எதுவும் வேண்டியதில்லை. நல்ல மனிதர் ஒருவர் சரியாகக் கணக்குப் போட்டாலே போதும், கூண்டுக்குள் இந்த நிலை வந்துவிடும். அதனால்தான் "கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்" என்று நான் கேட்கவில்லை. இரக்கம் உங்களிடம் இருக்கும். கணக்கில்தான் ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது.

அந்தப் பத்தியை எழுதுவது நடக்காத காரியம் என்று சொல்வீர்களானால், கொஞ்சம் பல்லடம் பக்கம் போய்வரச் சொல்வேன். கறிக்கோழி வளர்க்கும் கொட்டகை எதற்குள்ளும் நுழைந்து பாருங்கள். அங்கே அன்றாடம் எழுதும் பதிவு ஒன்று இருக்கும். இன்று எத்தனை குஞ்சு இறந்தது, எவ்வளவு தீவனம் போயிற்று என்று நாள் தவறாமல் எழுதுகிறார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கும் கோழிகளில், ஆறேழு வாரத்துக்குள் கறியாகப் போகும் ஒரு கோழி இறந்தால்கூட அந்தத் தாளில் ஒரு எண் கூடுகிறது. குஞ்சு கொடுத்த கம்பெனியின் மேற்பார்வையாளர் வந்து முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான். வழக்கத்துக்கு மேல் இரண்டு நாள் ஏறினால் நோயா, தீவனமா, காற்றோட்டமா என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்குக் கோழி மேல் தனிப் பாசம் என்று சொல்ல முடியாது. ஒரு குஞ்சின் விலையும் பெரிதில்லை. ஆயினும், எண்ணாமல் தொழில் செய்ய முடியாது என்று கற்றுக்கொண்டார்கள். கொல்வதற்காக வளர்க்கும் கோழியின் சாவு எழுதப்படுகிறது; கொஞ்சுவதற்காக விற்கும் கிளியின் சாவு எழுதப்படவில்லை. இந்த முரணை வைத்துக்கொண்டு "செல்லப்பிராணி" என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எப்படி எழுதுகிறோம் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

"கோழியைத் தின்கிற ஊரில் ஒரு எலிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று இதே கோழியை வைத்து என்னை மடக்கலாம். மடக்க முடியாது என்று நினைக்கிறேன். கறிக்கடைக்காரர் தன்னிடம் வாங்குகிறவருக்கு உயிரை வாக்களிக்கவில்லை. நீங்கள் வாக்களிக்கிறீர்கள். உங்கள் சரக்கே உயிர்தான். ஒரு பிள்ளையின் கையில் நீங்கள் கொடுப்பது இரண்டு அவுன்ஸ் இறைச்சியும் இறகும் இல்லை; காலையில் எழுந்தால் சத்தமிடும், பெயர் வைத்தால் திரும்பிப் பார்க்கும் என்ற எதிர்பார்ப்பு. உணவுக்காக விலங்கைக் கொல்வது சரியா என்ற கேள்வியில் நீங்களும் நானும் எந்தப் பக்கம் நின்றாலும், உயிரோடு விற்பவர் உயிருக்குப் பொறுப்பு என்பதில் கருத்து வேறுபாடு இருக்க இடமில்லை. எந்தப் பொருளை விற்றாலும் அது சொன்னபடி இருக்க வேண்டும் என்பது வியாபார தருமம். உள்ளே நோயோடு வெளியே நன்றாகத் தெரியும் பறவையை விற்பது, எடையில் குறைத்துப் போடுவதைப் போன்றதுதான்.

"எங்கள் கடையில் எதுவும் தப்பில்லை. வளர்ப்பவரிடமிருந்து வரும்போதே பாதி உயிரோடுதான் வருகிறது. இரவு பஸ்ஸின் மேல் அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்பினால் நாங்கள் என்ன செய்ய?" என்பது இன்னொரு குரல். இதில் உண்மை இருக்கிறது. பண்ணை, மொத்த விற்பனையாளர், தரகர் என்று நீளும் சங்கிலியில் கடைசிக் கண்ணி நீங்கள். எல்லாப் பழியும் உங்கள் தலையில் விழுவது நியாயமில்லை. இந்தக் குரலுக்கு மிகவும் தேவையான ஆயுதம் நான் கேட்கும் பதிவேடுதான். எந்தத் தேதியில், யாரிடமிருந்து, எத்தனை வந்தது, அதில் முதல் வாரத்தில் எத்தனை போயிற்று என்று மூன்று மாதம் எழுதுங்கள். தாய்ப்பால் மறக்காத முயல் குட்டியை ஐந்து வாரத்துக்கு முன்பே பிரித்து அனுப்புகிறவர் யார், காற்றோட்டம் வைத்த பெட்டியில் அனுப்புகிறவர் யார் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். "உன் சரக்கில் பத்துக்கு நாலு போகிறது" என்று தாளைக் காட்டிப் பேசுகிறவரிடம் எந்தத் தரகரும் மழுப்ப முடியாது. கணக்கில்லாதவர்தான் மொத்தச் சங்கிலியின் பாவத்தையும் சுமக்க வேண்டியிருக்கிறது. கூண்டைக் கழுவும் பையனின் உடம்புக்கும் இது காப்பு. கிளியினப் பறவைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றி நுரையீரலைத் தாக்கும் சிட்டகோசிஸ் என்ற காய்ச்சல் உண்டு. பறவைகள் வரிசையாக இறக்கத் தொடங்குவது அதன் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். எண்ணாத கடைக்கு அந்த எச்சரிக்கை காதில் விழாது.

"வாங்க வருகிறவர் விலையைத்தான் கேட்கிறார். சாவுக் கணக்கை எழுதித் தொங்கவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். எழுதாதவன் பிழைப்பான், எழுதியவன் கெடுவான்." நான் மிகவும் தயங்கிப் பதில் சொல்லும் வாதம் இது, ஏனென்றால் இதில் பயம் இருக்கிறது, அந்தப் பயம் பொய்யில்லை. சாலையோரம் சாயம் தோய்த்த கோழிக்குஞ்சை விற்கிறவரோடும், போனில் படம் காட்டி வீட்டுக்கே அனுப்புகிறவரோடும் நீங்கள் போட்டி போடுகிறீர்கள். ஆனால் அவர்களோடு விலையில் மோதினால் என்றைக்கும் தோற்பீர்கள். வாடகையும் மின்கட்டணமும் உங்களுக்குத்தான், அவர்களுக்கு இல்லை. அவர்களால் தர முடியாத ஒன்றை நீங்கள் தர முடியும்: நம்பிக்கை. வாங்க வருகிறவர் விலையைத்தான் கேட்கிறார் என்றால், கேட்பதற்கு வேறெதுவும் அவர் முன் வைக்கப்படவில்லை என்பதும் ஒரு காரணம். இரண்டு கூண்டும் ஒன்றுபோல் தெரியும்போது விலையை வைத்துத்தான் எவரும் முடிவெடுப்பார். பூஜ்ஜியம் சாவு என்று எழுதச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் எவரும் நம்பவும் மாட்டார்கள். இந்த வாரம் நாற்பது வந்தது, ஒன்று இறந்தது என்று எழுதியிருக்கும் கடையில் வாங்குகிறவருக்குக் கடைக்காரர் உண்மை பேசுகிறார் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. இருந்தும் தனியாக முதலில் தொடங்குகிறவருக்குச் சிரமம்தான். அதனால்தான் இது ஒருவருக்கு எழுதிய மடலாக இல்லை. ஒரு தெருவில் இருக்கும் ஆறு கடையும் சேர்ந்து தொடங்கினால், எழுதாத ஏழாவது கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியவராவார்.

"சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்" என்று வாடிக்கையாளர்களும், "சட்டம் வந்து கேட்கட்டும், அப்போது பார்ப்போம்" என்று உங்களில் சிலரும் நினைக்கலாம். சட்டத்தின் கதை நம் ஊரோடு தொடர்புள்ளது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து எழுப்பிய குரலின் விளைவுதான் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன்படி அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியமும் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது. உடலை அசைக்கப் போதுமான இடமில்லாத கூண்டில் அடைப்பதும், பட்டினியாலோ தாகத்தாலோ நெரிசலாலோ வேதனைப்படும் விலங்கை விற்பனைக்கு வைப்பதும் அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் முறை செய்தால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஐம்பது ரூபாய்க்கு இன்று ஒரு கிலோ தினைகூட வருமா என்பது சந்தேகம். 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யவும் பதிவேடுகள் வைக்கவும் சொல்கின்றன. நாய், பூனையோடு முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டர், எலிகள், கூண்டுப் பறவைகள் என்று இந்த மடலில் பேசிய பெரும்பாலானவை அதற்குள் வருகின்றன. மீன் வரவில்லை. ஆனால் சட்டம் கேட்கும் பதிவேடு அதிகாரிக்காக மேசை இழுப்பறையில் கிடப்பது. நான் கேட்பது வாங்குகிறவர் கண்ணில் படுவது. அதிகாரி வருடத்தில் ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். வாடிக்கையாளர் நாள்தோறும் வருகிறார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கல்லாவுக்குப் பக்கத்தில், விலைப்பட்டியல் தொங்கும் அதே சுவரில், ஒரு தாளை ஒட்டுங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வரி. மேலே வந்தது, விற்றது, இறந்தது என்று மூன்று பத்தி. வாரம் ஒருமுறை நிரப்புங்கள். உள்நோட்டில் மட்டும் இன்னொரு பத்தி சேர்த்து, யாரிடமிருந்து வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, விற்ற பிறகும் எண்ணுவதை நிறுத்தாதீர்கள், ஏனென்றால் பல சாவுகள் உங்கள் கடையில் தொடங்கி வாங்கினவர் வீட்டில் முடிகின்றன. பில்லில் போன் எண் இருக்கிறது. ஏழாம் நாள் "எப்படி இருக்கிறது?" என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். இறந்துவிட்டது என்று பதில் வந்தால் அதையும் இறந்தது என்ற பத்தியிலேயே எழுதுங்கள். மூன்றாவதாக, ஒவ்வோர் உயிரோடும் அரைப் பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். என்ன தின்னும், எவ்வளவு சூடு தாங்கும், தனியாகவா கூட்டமாகவா, எவ்வளவு வளரும், எத்தனை ஆண்டு வாழும் என்பது போதும். காசளவு இருக்கும்போது வாங்கிப்போகும் சிவப்புக்காது ஆமை ஒரு அடி நீளத்துக்கு வளர்ந்து இருபது, முப்பது ஆண்டு வாழும் என்று முன்பே தெரிந்திருந்தால் அது கோயில் குளத்தில் கைவிடப்படாது, அங்கிருக்கும் நம் ஊர் ஆமைகளின் இரையைப் பறிக்காது. தொட்டி வாங்குகிறவரிடம் "மீனை நான்கு வாரம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் துணிவும் அந்தத் தாளிலிருந்துதான் பிறக்கும். சில கடைகளில் இதில் ஏதேனும் ஒன்று ஏற்கெனவே நடக்கலாம். அவர்கள் மற்றவர்களுக்கு வழிகாட்டட்டும்.

முதல் மாதத்து எண்கள் உங்களுக்கே பிடிக்காது. அதைப் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்தெறியத் தோன்றும். கிழிக்காமல் இரண்டாம் மாதமும் எழுதுங்கள். எந்தக் கூண்டில், எந்தக் கிழமைக்குப் பிறகு, யார் அனுப்பிய பெட்டியில் என்று ஒரு கோடு அதில் தெரியத் தொடங்கும். மூன்றாம் மாதம் ஒரு வெப்பமானி வாங்குவீர்கள், ஒரு தரகரை மாற்றுவீர்கள், ஞாயிறன்றும் ஒரு ஆள் வந்து தண்ணீர் வைத்துப் போக ஏற்பாடு செய்வீர்கள். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த வேண்டியிருக்காது. ஆண்டுதோறும் நீங்கள் புதுக்கணக்குப் போடுகிறீர்கள். எந்தச் சாமியைக் கும்பிட்டுக் கடையைத் திறந்தாலும், நோட்டின் மூலையில் மஞ்சள் தடவினாலும் தடவாவிட்டாலும், வரவையும் செலவையும் ஒழுங்காக எழுதுவதைத் தொழிலுக்குச் செய்யும் மரியாதையாகத்தான் நினைக்கிறீர்கள். அடுத்த புதுக்கணக்கு அன்று இன்னொரு சின்ன நோட்டையும் சேர்த்து வையுங்கள். அதில் முதல் வரியாக, அன்று காலை கடையைத் திறந்தபோது கூண்டுக்குள் எத்தனை உயிர் இருந்தது என்று எழுதுங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் கடை வாசலில் நின்று பார்த்துப்போகும் பலரில் ஒருவர்